மகாகவி நாட் அவைலபிள்

இந்தியாவில் அதிகமான நூல்களை எழுதிக் குவித்தவர் யார்? கம்பன் இல்லை. தாகூர் இல்லை. மாதம் இரண்டு துப்பறியும் நாவல் தந்த மகராசர்களும் இல்லை. அவர் பெயர் நாட் அவைலபிள். தமிழ், தெலுங்கு, வங்காளம், உருது, சமஸ்கிருதம், ஆங்கிலம் என்று அவர் கைவைக்காத மொழி கிடையாது. தொடாத துறையும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எழுதியிருக்கிறார், இருபதாம் நூற்றாண்டிலும் எழுதியிருக்கிறார். இவ்வளவு எழுதியும் மனிதருக்கு ஒரு சாகித்திய அகாதெமி விருதுகூட இல்லை. பட்டம் கொடுக்க நமக்கு ஏது பஞ்சம்? மகாகவி என்று நானே சூட்டிவிட்டேன்.

இவரைக் கண்டெடுத்து உலகுக்குத் தந்தது டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. நாட்டின் பழைய நூல்களையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற அரசுப் பணத்தில் நடந்த பெருந்திட்டம் அது. அதன் நூற்பட்டியலில் 'ஆசிரியர்' என்ற கட்டத்துக்கு நேராக எண்ணற்ற நூல்களுக்கு இவர் பெயர்தான் நிற்கிறது. உள்ளே முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். அவர் ஊர், அவர் படித்த பள்ளி, அச்சிடப் பொருளுதவி செய்த ஜமீன்தார் வரை விவரம் இருக்கும். ஆனால் பதிவு செய்தவருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. தெரிந்தவரை உட்காரவைக்க யாருக்கும் தோன்றவில்லை. நாட் அவைலபிள் என்று தட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விட்டார்கள்.

திட்டம் பிறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ராஜ் ரெட்டி, பத்து லட்சம் நூல்களை இணையத்தில் ஏற்றும் கனவோடு வந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் பொறுப்பேற்றது. மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை பணம் தந்தது. 2003-இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இணையதளத்தைத் தொடங்கி வைத்தார். கல்லூரிகள், சி-டாக் நிறுவனம், திருப்பதி தேவஸ்தானம் என்று நாடெங்கும் ஸ்கேன் மையங்கள் முளைத்தன. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் ஸ்கேன் ஆயின. கனவில் குற்றமில்லை. நம் ஊரில் எந்தக் கனவும் துறைக்குள் நுழைந்ததும் முதலில் இலக்காக மாறும், பிறகு எண்ணிக்கையாக மாறும், கடைசியில் அறிக்கையாக அச்சாகும். இதற்கும் அதுதான் நடந்தது. 'இத்தனை நூல், இத்தனை கோடிப் பக்கம்' என்பதுதான் சாதனை. அதில் எத்தனை பக்கத்தை ஒரு மனிதன் படிக்க முடியும் என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

எனவே அந்தக் கட்டத்தை நான் போட்டுக்கொள்கிறேன். என்னை யாரும் மதிப்பீட்டாளராக நியமிக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு நூலகத்தை வாசகன் மதிப்பிட வேண்டுமானால் அவனே தன்னை நியமித்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சோதனை, நூலைத் தேடிக் கண்டுபிடிப்பது. தமிழ் நூல்களின் தலைப்பைத் தமிழில் பதியவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தார்கள், அதையும் ஆளுக்கொரு விதமாக. ழகரத்துக்கு ஒரு மையத்தில் ஓர் எழுத்து, இன்னொரு மையத்தில் வேறோர் எழுத்து. நெடிலா குறிலா என்பது தட்டச்சு செய்தவரின் அன்றைய மனநிலை. ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று நூலாகக் கணக்கில் ஏறும். எண்ணிக்கைக்கு அது நல்லதுதானே! தேடுகிறவன் நூலின் பெயரை மறந்துவிட்டு, அதை எவ்வளவு தப்பாக எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பழக வேண்டும். நூலின் உள்ளே ஒரு சொல்லைத் தேடலாமா என்றால், பக்கங்கள் எல்லாம் வெறும் படங்கள். தமிழ் எழுத்தைப் படித்தறியும் மென்பொருளோடு அவற்றைச் சேர்ப்பது திட்டத்தின் கடைசி வரியில் இருந்த ஆசை. கடைசி வரிவரை யார் போனார்கள்?

இரண்டாம் சோதனை, கிடைத்த நூலைத் திறப்பது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி டிஃப் கோப்பு. முந்நூறு பக்க நூல் என்றால் முந்நூறு கோப்பு. அதைப் பார்க்க உலாவியில் தனியாக ஒரு செருகுநிரல் போட வேண்டும். ஒரு பக்கத்தைப் படித்து முடித்து அடுத்ததைச் சொடுக்கினால், அது வருவதற்குள் முந்தைய பக்கத்தின் பொருள் மறந்துவிடும். நூல் முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கித்தர நெடுங்காலம் அரசுக்கு மனம் வரவில்லை. வெளியில் இருந்த ஆர்வலர்கள் தாங்களே நிரல் எழுதிப் பக்கங்களைத் திரட்டி ஒட்டி, அதை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தார்கள். கோடிகளில் கட்டிய நூலகத்துக்குக் கதவு வைத்துக் கொடுத்தவன் சம்பளம் வாங்காத வாசகன்.

மூன்றாம் சோதனை, படிப்பது. 600 புள்ளித் துல்லியம் என்று பெருமையாகச் சொன்னார்கள். சாம்பல் நிறம்கூட இல்லாமல் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. புதுத் தாளுக்கு அது போதும். நூறாண்டு பழுத்துப் பழுப்பேறிய தாளில், மறுபக்கத்து மை கசிந்த இடத்தில், கறை படிந்த ஓரத்தில், எழுத்தும் அழுக்கும் சேர்ந்து ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். அப்பிய இடத்துக்குக் கீழே இருந்தது பாடலா உரையா என்பதை நாமே கற்பனை செய்துகொள்ளலாம். அதற்குமேல் சாய்ந்த பக்கம், தலைகீழான பக்கம், ஓரம் வெட்டுப்பட்ட பக்கம், இரண்டு முறை வந்த பக்கம், வராமலே போன பக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுக்கே ஏடு உதவவில்லை.

கரையான் இதைவிட நேர்மையானது. அது தின்றால் தின்றது தெரியும். அரித்த இடத்தில் ஓட்டை இருக்கும். தின்று முடித்ததும் 'ஒதுக்கப்பட்ட நிதி முறையாகச் செலவிடப்பட்டது' என்று பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பாது.

சரி, அது தகவல் தொழில்நுட்பத் துறையின் குழந்தை. தேசிய நூலகம் என்று பெயர்ப்பலகையே வைத்திருக்கும் இடம் எப்படி? கொல்கத்தாவில், வங்காளத்தை ஆண்ட துணை ஆளுநர்கள் குடியிருந்த பெல்வடீர் மாளிகை வளாகத்தில், கலாசாரத் துறையின் கீழ் இருக்கிறது அது. 1836-இல் தொடங்கிய கல்கத்தா பொது நூலகத்தின் வாரிசு. கர்சன் காலத்தில் இம்பீரியல் நூலகம், 1948-இல் தேசிய நூலகம், 1953-இல் மௌலானா ஆசாத் மக்களுக்குத் திறந்து வைத்தார். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். தமிழுக்கும் தனிப்பிரிவு உண்டு. திருநெல்வேலியில் முனைவர் பட்டத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்கும் பெண்ணுக்கு அது தெரியும். ரயில் கட்டணமும் அங்கே தங்கும் செலவும் எவ்வளவு ஆகும் என்பதும் தெரியும். இணையம் என்ற ஒன்று வந்ததே அவளுக்காகத்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

'டவுன் த மெமரி லேன்' என்று ஒரு திட்டத்துக்குப் பெயர் வைத்து, 1900-க்கு முந்தைய ஆங்கில நூல்களையும் 1920-க்கு முந்தைய இந்திய நூல்களையும் மின்னாக்கப் போவதாக அந்த நூலகம் அறிவித்தது. ஏறக்குறைய 6,600 நூல்கள், 25 லட்சம் பக்கங்கள் ஸ்கேன் ஆயின. எங்கே வைத்தார்கள்? குறுந்தகடுகளில். பழைய தாள் நொறுங்குகிறது என்று கவலைப்பட்டு, சில பத்தாண்டுகளிலேயே படிக்க முடியாமல் போகக்கூடிய பிளாஸ்டிக் வட்டில் பாதுகாத்தார்கள். இன்று புதுக் கணினிகளில் அந்தத் தட்டைச் செருக வாயே கிடையாது. 20 லட்சம் நூல்களில் 6,600 என்பது எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது தேசத்துரோகம் ஆகாது என்று நம்புகிறேன். அரை சதவீதம்கூட இல்லை.

இதே வளாகத்தில் 2010-இல் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. மாளிகையைப் பழுதுபார்த்த தொல்லியல் துறையினர், தரைத்தளத்தில் கதவும் சன்னலும் இல்லாத அறை ஒன்று இருப்பதைக் கண்டார்கள். பத்திரிகைகள் பரபரத்தன. உள்ளே புதையல் என்றார்கள், சிறைக்கூடம் என்றார்கள், எலும்புக்கூடு என்றார்கள். துளைபோட்டுப் பார்த்தபோது உள்ளே இருந்தது மண். கட்டடத்துக்கு வலுவாக அந்தக் காலத்தில் கொட்டி அடைத்த மண். ஒரு வாசகனாக எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. இந்திய ஆவணக்காப்பு வரலாற்றில், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து ஊருக்கு உண்மையைச் சொன்ன அரிய சம்பவம் அது.

நூல்கள் அந்த நூலகத்துக்கு வந்து சேரும் வழிக்கும் சட்டம் இருக்கிறது. 1954-இல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் எந்த நூல் வெளியானாலும் 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் ஒரு பிரதியைக் கொல்கத்தாவுக்கும், மேலும் மூன்று நூலகங்களுக்குத் தலா ஒன்றையும் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று நம் எழும்பூர் கன்னிமாரா. அனுப்பாவிட்டால்? 50 ரூபாய் வரை அபராதம், அதோடு நூலின் விலை. இன்று அந்த 50 ரூபாயில் சென்னையில் இரண்டு பேர் நிம்மதியாகக் காபி குடிக்க முடியாது. பதிப்பாளர் தபால் செலவையும் அபராதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் சட்டத்தை மீறுவதே சிக்கனம் என்று புரிந்துகொள்வார். ஒரு நாடு தன் நினைவுக்கு வைத்த விலை அது.

இனி முத்தாய்ப்பு. இவ்வளவு குறைகளோடும் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கறுத்த பக்கமானாலும் பக்கம்தானே என்று நாம் படித்துக்கொண்டிருந்தோம். 2017 வாக்கில் அதையும் மூடினார்கள். காரணம், பதிப்புரிமை மீறல். அதாவது பதிப்புரிமை உள்ள நூல் எது, இல்லாத நூல் எது என்று பார்க்காமல் பத்தாண்டுக்கும் மேலாக ஸ்கேன் செய்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எது எது என்று பிரிக்கும் உழைப்புக்கு அஞ்சி மொத்தக் கடையையும் சாத்திவிட்டார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை. 1921-இல் போன பாரதியும் 1942-இல் போன உ.வே.சாமிநாதையரும் யாருடைய வழக்கறிஞரையும் அனுப்ப மாட்டார்கள். 1850-இல் அச்சான சிற்றிலக்கியத்துக்கு இன்று ராயல்டி கேட்டு யார் வருவார்? ஆனால் எந்த நூலுக்கு யார் ஆசிரியர், அவர் எப்போது இறந்தார் என்று தெரிந்தால்தானே பிரிக்க முடியும்! ஆசிரியர் கட்டத்தில் நாட் அவைலபிள் உட்கார்ந்திருக்கிறார். அவர் இறந்த தேதியும் நாட் அவைலபிள். அன்று பதிவு செய்தவரின் சோம்பல், இன்று ஒரு மொழியின் நூற்றாண்டுகளுக்குப் பூட்டாக வந்து நின்றது.

சட்டத்தின் மேல் பழிபோடவும் முடியாது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இலாப நோக்கில்லாத பொது நூலகம் தன்னிடம் அச்சுப்பிரதி இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று தெளிவாகவே எழுதிவைத்தார்கள். வழி இருந்தது. நடக்கக் கால் இல்லை. நார்வே நாட்டின் தேசிய நூலகம் 2006-இல் தன் இருப்பு முழுவதையும் மின்னாக்கத் தொடங்கியது. பதிப்புரிமை உள்ள நூல்களுக்கு உரிமையாளர்களின் அமைப்போடு உட்கார்ந்து பேசி, பணம் கொடுத்து, நாட்டிலுள்ள எல்லோரும் வீட்டிலிருந்தே படிக்க வழிசெய்தது. அந்த நாட்டின் மக்கள்தொகை சென்னையைவிடக் குறைவு. அவர்கள் ஆசிரியருக்குப் பணம் கொடுத்து நூலைத் திறந்தார்கள். நாம் ஆசிரியருக்கும் கொடுக்காமல், வாசகனுக்கும் கொடுக்காமல், ஸ்கேனருக்கு மட்டும் கொடுத்தோம்.

மூடிய கடையிலிருந்து நூல்கள் எப்படித் தப்பின? கலிஃபோர்னியாவில் கார்ல் மாலமூத் என்று ஒருவர். பொது ஆவணங்கள் பொதுமக்களுக்கே என்று வழக்காடித் திரிகிற மனிதர். தளம் முழுதாக மறைவதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களை நகலெடுத்து, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினார். இன்று தமிழறிஞர் ஒருவர் பழைய பதிப்பைப் பார்த்தேன் என்று அடிக்குறிப்பு எழுதினால், பெரும்பாலும் அவர் பார்த்தது அங்கேதான். ஒவ்வொரு நூலுக்கும் 'இன் எர்னெட் டிஎல்ஐ 2015' என்று தொடங்கும் கைதி எண் ஒன்று மட்டும் பழைய சிறையின் ஞாபகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் நன்றியுணர்ச்சியைப் பாருங்கள். நூல்கள் அங்கே குடியேறிய அதே 2017-இல், ஆகஸ்டில், இந்தியா முழுவதும் இன்டர்நெட் ஆர்க்கைவ் முடக்கப்பட்டது. முடக்க ஆணையிட்டது நம் சென்னை உயர்நீதிமன்றம். காரணம் தேசப் பாதுகாப்பா? இல்லை. புதிய இந்திப் படங்களின் திருட்டுப் பிரதி இணையத்தில் வந்துவிடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் கொடுத்த பட்டியலில் 2,600-க்கு மேற்பட்ட தளங்கள் இருந்தன. அந்தப் பட்டியலுக்குள் உலகின் மிகப் பெரிய இலவச நூலகங்களில் ஒன்றும் கிடந்தது. பட்டியலைப் படித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. ஷாருக் கானின் காதல் படம் ஒன்று பத்திரமாக ஓட வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து தொல்காப்பிய உரையைத் திறக்க முடியாமல் போனது. இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் 'மிகை' என்று வெட்டியிருப்பார்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அந்தத் தர்மசாலையும் நிரந்தரமில்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலில் அது நாள்கணக்கில் முடங்கியது. அந்த நாள்களில் இந்தியாவின் பழைய நூல்கள் பல லட்சம் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி தில்லியில் ஒரு நாற்காலிகூட நகர்ந்ததாகத் தெரியவில்லை.

தமிழைத் தமிழர்களே காப்பாற்றிக்கொள்ளவில்லையா? காப்பாற்றினார்கள், அரசு வருவதற்கு முன்பே. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. சாம்பலைப் பார்த்த சமூகத்திலிருந்து 2005-இல் நூலகம் திட்டம் எழுந்தது. ஈழத்தின் சிற்றிதழ், கோயில் மலர், கல்வெட்டு என்று அவர்கள் அழைக்கும் இறந்தோர் நினைவு மலர்கள் வரை கையில் கிடைத்த எதையும் சிறிது என்று தள்ளாமல் ஸ்கேன் செய்து பெயர் எழுதி வைக்கிறார்கள். நூல் எரிந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தன் மின்னூலகத்தில் நூலின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறது. தமிழ் நூலுக்குத் தமிழில் பெயர் எழுதியதைப் பாராட்ட வேண்டிய இடத்துக்கு நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மறுபடியும் ரிப்பன்கள் தயாராகின்றன. 2018-இல் நேஷனல் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோடிக்கணக்கான பொருள்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலும் அது பிறர் வீட்டு வாசலுக்கு வழிகாட்டும் பலகை. ஆய்வுக்கட்டுரைக்கும் ஓர் எண், பள்ளிப் பயிற்சித்தாளுக்கும் ஓர் எண். கோடி சேரத்தானே செய்யும்? அடுத்தாண்டு வேறு பெயரில் வேறு திட்டம் வரும், ஓலைச்சுவடிக்கு ஒன்று, நாளிதழுக்கு ஒன்று, கையெழுத்துப்படிக்கு ஒன்று. பழைய ஸ்கேன் எங்கே போனது என்று கேட்காமல் அதே சுவடியை மறுபடி ஸ்கேன் செய்வார்கள். சுவடிதான் பாவம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உடையும்.

ஆகவே வாசகர்களே, அடுத்த மேடையில் ஓர் அமைச்சரோ செயலரோ எழுந்து இத்தனை கோடிப் பக்கங்களை மின்னாக்கிவிட்டோம் என்று கணக்குச் சொல்லும்போது கைதட்டாதீர்கள். எழுந்து நின்று ஒரு நூலின் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் தாத்தா காலத்துத் தமிழ் நூலாக இருந்தால் நல்லது. அதன் 143-ஆம் பக்கத்தை அந்தத் திரையில் இப்போதே காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள். பக்கம் வந்தால், தெளிவாக இருந்தால், எழுதியவர் பெயர் சரியாக இருந்தால், கைவலிக்கத் தட்டலாம். வராவிட்டால், அந்தக் கோடிகளுக்கான பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரின் பெயரை மேடையிலேயே கேளுங்கள். அவர் பெயரும் நாட் அவைலபிள் என்று பதில் வந்தால் உட்காராதீர்கள்.